பொய்ச் சாவில் மெய்யாக அழுதவன்

அத்தியாயம் ஆறு

தில்லையடியின் கடைசி ஒழுங்கையும் சுற்றி முடித்தபோது என் ஓட்டோவில் எண்ணெய் இல்லை, எனக்குப் பொறுமை இல்லை, மக்டலின் மிஸ்ஸுக்கு மட்டும் பசி இருந்தது.

"அஸ்மி, அந்தக் கடையில நிப்பாட்டு. ரோல்ஸ் இருக்கும்."

"மிஸ், நாம ஆளைத் தேடி வந்தமா, ரோல்ஸ் தேடி வந்தமா?"

"ஆள் கிடைக்கல்ல. ரோல்ஸாவது கிடைக்கட்டும்."

இதுதான் என் முதலாளி. ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பனியொன்றுக்காக, கடதாசியில் மட்டும் செத்தவர்களைத் தேடிப் பிடித்தவர். இப்போது புத்தளத்தில் ஒரு சின்ன அறையில் மேசை போட்டுக்கொண்டு, ஊர்ச் சனத்தின் தலையிடிகளைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். நான் அவருடைய சாரதி, உதவியாளர், ஏச்சு வாங்குபவன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆள்.

விஷயத்தைச் சொல்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டக்குழி என்ற கரையோர ஊரில் இசபெல் என்றொரு பெண். புருஷன் நிக்கொலஸ் நாலு வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனான். படகு கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் அடக்கமும் இல்லை, அடக்கம் இல்லாததால் அவன் சாகவுமில்லை என்பது இசபெலின் கணக்கு. ஊர் அவளை விசர், பைத்தியம் என்று சொன்னதோடு சரி, பெரிதாக எடுக்கவில்லை, சிலாபத்திலிருந்து கிளைட்டன் என்ற இளம் டிரெக்டர் கமராவோடு வந்து இறங்கும்வரை.

படத்தின் பெயர் 'மூடாத பெட்டி'. பேய்ப் படம். கடலில் புருஷனைத் தொலைத்த ஒருத்தி சவப்பெட்டியை விறாந்தையில் திறந்து வைத்துக்கொண்டு அதோடு கதைக்கிறாள். பெட்டியும் பதில் கதைக்கிறது. அவளுக்கு மெல்ல மெல்ல விசர் பிடிக்கிறது. நடிகைக்குக் கொடுக்கக் கிளைட்டனிடம் ஒன்றுமில்லை. அதனால் இசபெலையே கேட்டான், அவளும் சம்மதித்துவிட்டாள். பெட்டியின் மேல் வைக்கப் படம் வேண்டுமென்றதற்கு நிக்கொலஸின் படத்தையே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பீற்றூட் சாறுதான் இரத்தம். கட்டில் துணி போர்த்திய டிலுக்ஷி என்ற பெண்தான் பேய். செத்தவீட்டுக் காட்சிக்குப் பாதிரியார் வேண்டுமென்றபோது டிரெக்டரே வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு செபம் சொல்லியிருக்கிறான்.

அந்தக் காட்சிக்குத்தான் கூட்டம் சேர்த்தார்கள். பாதிப் பேர் கண்டக்குழிக் கத்தோலிக்கர், பாதிப் பேர் தில்லையடியிலிருந்து மர்ஸூக்கின் வேனில் வந்த நம்முடைய முஸ்லிம் ஆட்கள். கமரா ஓடிக்கொண்டிருக்கும்போது தொப்பி போட்ட ஒருவன் பெட்டியின் கால்மாட்டில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறான். இசபெல் அவன் முதுகைத்தான் கண்டாள். எழுந்து ஓடிப்போவதற்குள் கூட்டம் குறுக்கே வந்துவிட்டது, ஆள் இல்லை.

அன்றிலிருந்து அவள் ஒரே பேச்சு. நிக்கொலஸ் வந்துவிட்டார். ஒளிந்திருக்கிறார். ஏதோ பயத்தில் முகம் காட்டாமல் நிற்கிறார்.

நிக்கொலஸின் தமையன் இன்னாசிப்பிள்ளை நேற்று எங்களிடம் வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"மிஸ், நான் கெட்டவன் இல்ல. அவ அவன்ட சட்டையெல்லாம் தோச்சு, ஸ்திரி போட்டு அடுக்கி வச்சிருக்கா. வாற ஆளுக்கு உடுக்க வேணுமாம். நாளைக்குப் பின்னேரம் அவவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறன். மகள் றஜிதாவை என்ட வீட்டில வச்சிருப்பன். விசர் பிடிச்சவட்ட பொம்பிளைப் பிள்ளையை விடேலாது."

"அந்த ஆளைக் கண்டுபிடிச்சா?"

"கொண்டு வாங்க. வெறும் நடிக்க வந்தவன் எண்டு அவன் வாயால சொன்னா அவ நான் சொல்றதைக் கேக்கோணும். இல்ல, அவ சொல்றதுதான் உண்மை எண்டா நான் அவட காலில விழுறன்."

இசபெல் எங்களிடம் கேட்டது இன்னும் சுருக்கம். "அது நடிச்ச அழுகையில்ல, மிஸ். அதை மட்டும் நிரூபிச்சுத் தாங்க. என்ட பிள்ளையை என்னட்ட இருந்து பிரிக்கப் போறாங்க."

அந்தப் பின்னேரம் இன்றைய பின்னேரம்தான். ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

காலையில் முதலில் கிளைட்டனிடம் போனோம். கண்டக்குழிக் காற்று அப்போதுதான் பேயின் துணியைப் பறித்துக்கொண்டு போயிருந்தது. ஆள் கடுப்பில் நின்றான்.

"தம்பி, அந்த ஆள் அழுத ஷொட்டைக் காட்டுங்க" என்றார் மிஸ்.

"அழிச்சிட்டன் மிஸ்."

"அழிச்சிட்டீங்களா?"

"என்னட்ட இருக்கிறதே ரெண்டு மெமரி கார்ட். அடுத்த சீனுக்கு இடம் வேணுமே. அதோட அந்த ஆள் சரியான ஓவர் அக்டிங். செத்தவீட்டில யாராவது அப்பிடி அழுவாங்களா?"

நான் அவனுடைய கழுத்தைப் பிடித்திருப்பேன். மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து தில்லையடி, மர்ஸூக். அவர் வேனைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"தொப்பி போட்ட ஆளா? என்ட வேன்ல வந்ததெல்லாம் என்ட சொந்தக்காரங்க. மச்சான், மச்சான்ட மகன், சாச்சா. அவன் எங்கட ஆள் இல்ல. கண்டக்குழியில இருக்கிற நம்மட ஆளாக்கும் எண்டு நினைச்சன்."

"கண்டக்குழியில கேட்டா, தில்லையடி வேன்ல வந்தவன் எண்டு சொல்றாங்களே" என்றேன்.

"அப்ப வானத்தில இருந்து குதிச்சிருப்பான். பேய்ப் படம்தானே."

அதற்குப் பிறகும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனோம். பள்ளிவாசல் வாசலில் கேட்டோம், தேத்தண்ணிக் கடையில் கேட்டோம். உயரமான ஆள், கறுப்பு, தொப்பி. இந்த அடையாளத்துக்கு என் வாப்பாவும் பொருந்துவார். மன்னாரிலிருந்து தொண்ணூறில் விரட்டப்பட்டு வந்து குடியேறிய சனம் நாங்கள். யார் யாருடைய பிள்ளை, எந்தக் குடும்பம் என்று ஒருவரையொருவர் விரல்நுனியில் வைத்திருப்போம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதனை ஒருவருக்குமே தெரியாது என்றால், அவன் அந்த ஊருக்குள் காலே வைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

என் மனைவி றிஷ்னா வேறு போன் எடுத்தாள். "பகல் சோறு ஆறுது. உங்கட மிஸ்ஸுக்குப் புருஷன் இல்ல, உங்களுக்குப் பொஞ்சாதி இரிக்கேன், ஞாபகமா?"

"ஞாபகம்" என்று சொல்லி வைத்தேன். ரோல்ஸில் மீனும் இல்லை, வெறும் கிழங்கு.

"எண்ணெய் அடிச்சிட்டுத் திரும்பக் கண்டக்குழிக்கு விடு" என்றார் மிஸ்.

"அங்க எல்லாரையும் கேட்டாச்சே."

"பேயைக் கேக்கல்ல."

பேய், அதாவது டிலுக்ஷி, படப்பிடிப்பு வீட்டின் பின்னால் பீற்றூட் கறை பிடித்த துணிகளைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மேக்கப், சாப்பாடு, கிளாப் அடிப்பது, பேய் வேஷம் எல்லாம் அவள் தலையில்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, எங்களைப்போலவே அவளுக்கும் உலகத்தின் மேல் கோபம்.

"அந்த ஆளா? மரியாதை தெரியாத மனுசன்" என்றாள்.

"ஏன் பிள்ளை?"

"ஷூட்டிங் முடிஞ்சதும் வாசலில நிண்டு எல்லாருக்கும் நான்தான் சோத்துப் பார்சல் குடுத்தன். எல்லாரும் 'போயிட்டு வாறம் தங்கச்சி' எண்டு நல்லாச் சொல்லிட்டுப் போனாங்க. தில்லையடி ஆக்கள் ஸலாம் சொல்லிட்டுப் போனாங்க. இவன் பார்சலும் எடுக்கல்ல, ஒரு வார்த்தை கதைக்கவும் இல்ல. 'அண்ணன், போறீங்களா?' எண்டு நானே கேட்டன். கேட்டது காதில விழுந்தது, எனக்குத் தெரியும். ஆனா தலையைக் குனிஞ்சிட்டுப் பின்பக்கம் போயிட்டான்."

"பின்பக்கம் எதுக்கு?"

"இந்தக் கிணத்தடிக்குத்தான். தொப்பியைக் கழட்டி இடுப்பில சொருகிட்டு, வாளி வாளியா அள்ளித் தலையில ஊத்தினான். உடுத்த உடுப்போட. அப்பிடியே ஈரம் சொட்டச் சொட்ட நடந்து போயிட்டான். படத்தில பேய் நான், ஆனா எனக்கே பயம் வந்திச்சு."

மிஸ் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஏதாவது பிடிபட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். இப்போது துடைத்தார்.

"அஸ்மி, செத்தவீட்டில, உங்கட மௌத்து வீட்டில இருந்து வரக்குள்ள நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஸலாம் சொல்லுவம். வேற என்ன?"

"வந்து குளிப்பீங்களா?"

"வேர்த்திருந்தா குளிப்பம்."

"அதுதான் நீ காலையில இருந்து என்னை வெயில்ல சுத்த வச்சிருக்கிறாய். நானும் உன்ட பின்னால சுத்தியிருக்கிறன். எங்கட ஆக்கள் செத்தவீட்டில 'போயிட்டு வாறம்' எண்டு சொல்லமாட்டம். அப்பிடிச் சொன்னா அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவம் எண்டு ஆயிடும். பேசாம எழும்பிப் போயிடுவம். வீட்டுக்குள்ள கால் வைக்க முதல் தலை முழுகுவம்."

"அப்ப அவன் முஸ்லிம் இல்ல."

"தொப்பி மட்டும்தான் முஸ்லிம். கண்டக்குழி ஆக்களோட நிண்டா 'நீ யார்ட மகன்' எண்டு கேப்பாங்க. உங்கட ஆக்களோட நிண்டா ரெண்டு பக்கமும் மற்றப் பக்கத்து ஆள் எண்டு நினைப்பாங்க. கெட்டிக்காரன்."

எனக்கு ஒரு சந்தேகம். "ஆனா மிஸ், கண்டக்குழி ஆக்களும் உங்கட ஆக்கள்தானே. அவங்க எல்லாரும் 'போயிட்டு வாறம்' எண்டு சொல்லிட்டுத்தானே போயிருக்கிறாங்க?"

"ஓம். ஏனெண்டா அவங்க ஷூட்டிங்குக்கு வந்தாங்க. அவன் ஒருத்தன்தான் செத்தவீட்டுக்கு வந்தான்."

டிலுக்ஷி தோய்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது.

"சரி, ஆள் எங்க?" என்றேன்.

"நனைஞ்ச உடுப்போட வந்தா நீ உன்ட ஓட்டோவில ஏத்துவியா?"

"சீட் பழுதாப் போயிடுமே."

"பஸ்காரனும் ஏத்தமாட்டான். அப்ப நடந்து போற தூரம். சரி, தன்ட வீட்டுக் கிணத்தடியில குளிக்கிறதை விட்டிட்டு ஏன் இங்க குளிச்சான்?"

"கிணறு இல்லாத வீடா இருக்கும்."

"இந்தக் கரையில கிணறு வெளியில இல்லாத வீடு எது? அறைக்குள்ள போனாத்தான் குளிக்கேலும் எண்ட இடம் எது?"

யுத்தம் முடிந்த பிறகு கண்டக்குழிக் கரையோரம் முளைத்தவை அவைதான். "லொட்ஜ்" என்றேன். "ஆனா இப்ப சீசன் இல்லையே, எல்லாம் பூட்டித்தான் கிடக்கு. அங்கால சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில ஒண்டில மட்டும் காவலுக்கு ஆள் இருக்கு."

"அப்ப என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?"

ஓட்டோ மணலில் உறுமிக்கொண்டு போனது. எனக்கு ஒரே சந்தோஷம். நாள் முழுக்க வாங்கிய ஏச்சும் தின்ற கிழங்கு ரோல்ஸும் மறந்துபோயின. இசபெல் சொன்னதுதான் சரி. நிக்கொலஸ் உயிரோடு இருக்கிறான். ஏதோ வம்பில் மாட்டி, லொட்ஜில் காவல்காரனாக ஒளிந்திருக்கிறான். தன் பொஞ்சாதி தன் படத்துக்கு முன்னால் அழுவதைக் காணப் பொறுக்காமல் விழுந்து அழுதிருக்கிறான். பின்னேரம் நான் வாசலில் இறக்கிவிடப்போகும் ஆளை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

"மிஸ், இசபெல் அக்கா என்னைக் கட்டிப் பிடிச்சாலும் பிடிப்பா. நீங்க றிஷ்னாட்ட சொல்லக்கூடாது."

மிஸ் சிரிக்கவில்லை. கேற்றுக்கு முன்னால் ஓட்டோ நின்றதும் மெதுவாகக் கேட்டார்.

"தன்ட செத்தவீட்டுக்குத் தானே போனவன் ஏன்டா தலை முழுகோணும்?"

சாவு மெய்யென்று தெரிந்தவன்தான் தலை முழுகுவான். அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே உயரமான ஒருவன் விறாந்தையில் ஏறிய மணலைக் கூட்டிக்கொண்டிருந்தான். நான் வேண்டுமென்றே "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். அவன் தடுமாறி "ஓம், சொல்லுங்க" என்றான். ஸலாத்துக்கு ஓம் சொன்ன ஒரு மனிதனை அன்றுதான் பார்த்தேன். வேறு நாளென்றால் ஒரு கிழமைக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

முகத்தைப் பார்த்தேன். இசபெல் தந்த நிக்கொலஸின் படத்தை நேற்றிலிருந்து எத்தனையோ தரம் பார்த்தவன் நான். இது அவன் இல்லை.

மிஸ் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, நிக்கொலஸை எங்க அடக்கினீங்க?"

தும்புத்தடி கீழே விழுந்தது. அவன் விறாந்தைப் படியிலேயே குந்திவிட்டான். ஓடுவான் என்று நான் குறுக்கே போய் நின்றேன். ஓடும் எண்ணமே அவனுக்கு இருக்கவில்லை.

"என்ட பேர் றொபி" என்றான். "சிலாபத்துப் பக்கம். அவன்தான் என்னைத் தொழிலுக்குக் கூப்பிட்டான். ஊருக்குத் தெரியாம."

"ஏன் தெரியாம?"

"டைனமைட். களவா வெடி போட்டு மீன் பிடிக்க. ஒருநாள் மட்டும் எண்டான். மகளுக்கு ஏதோ வாங்கோணும் எண்டான். திரியைக் கொளுத்தி எறியப் பிந்திட்டான். கையிலயே வெடிச்சிட்டு. நான் படகின்ட பின்பக்கம், பின்னணியத்தில இருந்ததால தப்பினன்."

"பிறகு?"

"அங்கால ஆள் போகாத கரையில கிடங்கு வெட்டி நான்தான் அவனை வச்சன். படகைக் கழுவித் தண்ணியில தள்ளி விட்டிட்டன். பொலிசுக்குச் சொன்னா உள்ளுக்கதான். ஊருக்குச் சொன்னா நான்தான் கொலை செய்தன் எண்டு சொல்லுவாங்க." மூக்கைச் சட்டையில் துடைத்தான். "ஒரு பாதர் இல்ல, மெழுகுதிரி இல்ல. ஒரு 'அருள்நிறைந்த மரியே' செபம்கூடச் சொல்ல வாய் வரல்ல. அவனை அப்பிடி மண்ணுக்குள்ள வச்சிட்டு ஊருக்குப் போக மனம் வரல்ல. இங்கயே வேலைக்கு நிண்டிட்டன்."

"ஷூட்டிங்குக்கு ஏன் போனாய்?"

"அவன்ட படத்தைப் பெட்டிக்கு மேல வச்சுச் செபம் சொல்றாங்க எண்டு கேள்விப்பட்டன். நடிப்பு எண்டு தெரியும். எண்டாலும் அவனுக்கு வேற யார் செபம் சொன்னது?"

கட்டில் துணிப் பேயும் பீற்றூட் இரத்தமும் வைத்துப் படமெடுத்த கிளைட்டனின் அரைகுறைச் செபம், அந்த மனிதனுக்குப் பூசையாக இருந்திருக்கிறது. 

"அவட வீட்டுக்குச் சொல்லப் போனன்" என்றான் றொபி. "எத்தினையோ தரம். பாதி வழியில திரும்பிடுவன்."

"இண்டைக்கு மிச்சப் பாதியும் போவம்" என்றார் மிஸ். "ஏறு."

இசபெலின் வீட்டு வாசலில் இன்னாசிப்பிள்ளை ஒரு பையோடு நின்றார். றஜிதா தாயின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வரமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள். ஓட்டோவைக் கண்டதும் இசபெல் பிள்ளையின் கையை விலக்கிவிட்டு ஓடி வந்தாள். பின் சீட்டிலிருந்து றொபி மறுபக்கமாக இறங்கினான். அவள் கண்டது மறுபடியும் முதுகைத்தான். அந்த ஒரு நிமிஷம் அவள் முகத்தில் இருந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அவன் திரும்பினான்.

"இது ஆர்?" என்றாள் இசபெல்.

மிஸ் முதலில் இன்னாசிப்பிள்ளையிடம் பேசினார். பிள்ளை யாரிடம் இருக்கவேண்டும் என்பதைத்தான் முதலில் முடிக்கவேண்டும் என்று நினைத்திருப்பார்.

"இவதான் சரி. அது நடிச்ச அழுகையில்ல. டிரெக்டருக்கு விளங்கல்ல, ஊருக்கு விளங்கல்ல, கூட்டத்தில நிண்ட ஒருத்தருக்கும் விளங்கல்ல. இவவுக்கு மட்டும் விளங்கிச்சு. இவவுக்கு ஒரு விசரும் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்ல, பிள்ளையை எங்கயும் அனுப்பத் தேவையில்ல."

இன்னாசிப்பிள்ளை பையைக் கீழே வைத்தார். "அப்ப இவன்..."

றொபி சொன்னான். எங்களிடம் சொன்னதைவிடக் குறைந்த சொற்களில், ஆனால் எல்லாவற்றையும் சொன்னான். டைனமைட் என்றதும் இன்னாசிப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். தம்பிக்காக அவர் அழுததை அன்றுதான் ஊர் கண்டது. றஜிதா ஒன்றும் விளங்காமல் பெரியப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இசபெல் அழவில்லை. றொபியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நோவு பட்டாரா?"

"இல்ல அக்கா. உடனே போயிட்டான்."

அவள் தலையாட்டினாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த நிக்கொலஸின் சட்டையொன்றை எடுக்கக் கையை நீட்டி, பாதியில் விட்டுவிட்டு மிஸ்ஸின் பக்கம் திரும்பினாள்.  

"நாலு வருஷமா ஊரெல்லாம் என்னை விசர் எண்டுது. அப்பவும் அவர் வாற ஆள்தான்" என்றாள் இசபெல். "நீங்களும் அப்பிடியே சொல்லியிருக்கலாமே, மிஸ்."